பெப்பர் மில்: வாங்குவதற்கு முன்பும் வாங்கிய பின்பும் வருகிற கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டு மேஜையில் நிற்கும், கையால் திருகி மிளகு பொடிக்கிற மர மில்லைக் கையில் எடுத்து ஒரு சுற்றாவது சுற்றிப் பார்க்காமல் போவதில்லை. கீழே கொஞ்சம் மிளகு கொட்டும், அதைத் துடைப்பார்கள், அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். இதுவரை நான்கு மில் வாங்கி, அதில் இரண்டைத் தூக்கிப் போட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கடைக்காரர்கள் பெப்பர் கிரைண்டர் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இடிகல் இருக்கிறது, மிக்ஸியும் இருக்கிறது. அப்புறம் பெப்பர் மில் எதற்கு?

உங்கள் வீட்டில் மிளகு எங்கே செலவாகிறது என்று முதலில் பாருங்கள். ரசம், பொங்கல், மிளகு குழம்பு, இவ்வளவுதான் என்றால் மில் வேண்டாம், காசு மிச்சம். ரசத்துக்கு மிளகு தனியாகப் போவதில்லை. சீரகமும் பூண்டும் கூடவே வரும், மூன்றும் ஒன்றாக நசுங்கினால்தான் அந்த வாசனை. அதை இடிகல் செய்யும், மில் செய்யாது. மிளகு கோழிக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் பொடி வேண்டும். அதை மில்லில் சுற்றி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

மில்லுக்கு வேலை வருவது உணவு தட்டுக்கு வந்த பிறகு. ஆம்லெட், அவித்த முட்டை, சூப், வெள்ளரிக்காய்த் துண்டு, அன்னாசி, சிலருக்குத் தயிர் சாதம்கூட. ஒருவருக்கு மேலே காரமாகத் தூவ வேண்டும், பக்கத்தில் இருக்கும் குழந்தையின் தட்டுக்கு வேண்டாம். அந்த இரண்டு சிட்டிகைக்காக மிக்ஸி ஜாரை எடுத்தால், பத்து மிளகு பிளேடுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். பாதி பொடியாகும், பாதி அப்படியே கிடக்கும், கடைசியில் ஜாரையும் கழுவ வேண்டும். இந்தத் தொல்லைக்குத்தான் மில்.

பாக்கெட் மிளகுத்தூளும் காரமாகத்தானே இருக்கிறது?

இருக்கும். காரத்துக்குக் காரணமான பைப்பரின் லேசில் ஆவியாகாது. போய்விடுவது மணம். பைனீன், சாபினீன், லிமோனீன் போன்ற எண்ணெய்ச் சத்துகள்தான் மிளகுக்கு அந்த எலுமிச்சையும் பச்சை மரமும் கலந்த வாசனையைத் தருகின்றன. முழு மிளகுக்குள் அவை பத்திரமாக இருக்கும், உடைத்ததும் கிளம்ப ஆரம்பித்துவிடும். அதனால்தான் பழைய தூள் தொண்டையில் எரியும், தும்மல் வரும், ஆனால் மிளகு சாப்பிட்டோம் என்ற நிறைவு வராது.

நம்பிக்கை வரவில்லை என்றால், இன்று ஒரு டீஸ்பூன் மிளகைப் பொடித்துக் கிண்ணத்தில் மூடாமல் வையுங்கள். இரண்டு நாள் கழித்து, புதிதாகப் பொடித்ததையும் அதையும் அடுத்தடுத்து மோந்து பாருங்கள். அதற்குப் பிறகு யாரும் உங்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

மில்லின் உள்ளே என்ன நடக்கிறது?

காலி மில்லைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கூம்பு மாதிரி ஒரு உருளை, அதன் மேல் சாய்வாகப் பல் வெட்டியிருக்கும். அதைச் சுற்றி ஒரு வளையம், அதன் உள்பக்கமும் பல். வளையம் மில்லின் உடம்போடு சேர்ந்தது. கூம்பு நடுத்தண்டோடு சேர்ந்தது, தலையைத் திருகினால் தண்டோடு கூம்பும் சுற்றும். பழைய வீடுகளில் உளுந்து உடைக்கிற திருகை பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும், நடுவில் மாட்டியது பொடியாகும்.

ஒரு வித்தியாசம் உண்டு. நல்ல மில்லில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. மேலே பல் பெரிதாக, இடைவெளி அகலமாக இருக்கும். மிளகு அங்கே மாட்டி இரண்டு மூன்றாக உடையும். உடைந்த துண்டு கீழே இறங்கினால் அங்கே பல் சிறிது, நெருக்கமும் அதிகம். கடைசி இடைவெளியில் நுழையும் அளவுக்குச் சின்னதானதும் வெளியே விழும். மலிவு மில்லில் இந்த மேல் கட்டமே இருக்காது. முழு மிளகு நேராக நெருக்கமான இடத்தில் போய் வழுக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள், உள்ளே கடகடவென்று சத்தம் மட்டும் கேட்கும்.

நைஸாகவும் கொரகொரப்பாகவும் மாற்றுவது எப்படி?

இரண்டு விதம் உண்டு. பழைய பாணி மர மில்லில் தலைக்கு மேல் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும். அதை இறுக்கினால் தண்டு மேலே இழுபட்டு, கூம்பு வளையத்தோடு நெருங்கும். தூள் நைஸாகும். தளர்த்தினால் கொரகொரப்பு. இதில் இரண்டு சங்கடம். ஒவ்வொரு தடவை மிளகு நிரப்பும்போதும் குமிழைக் கழற்ற வேண்டும், பழைய அளவு போய்விடும். இன்னொன்று, ரொம்பத் தளர்த்தி வைத்தால் சுற்றச் சுற்ற அது தானாகவே கழன்றுகொள்ளும். என் குமிழ் ஒருநாள் விருந்தாளியின் தக்காளி சூப்பில் போய் விழுந்தது. கரண்டியால் எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற விதத்தில் அடிப்பக்கம் ஒரு வளையமோ சின்னச் சக்கரமோ இருக்கும். அதைத் திருப்பி அளவு வைத்தால் நிரப்பும்போது மாறாது. தினம் பயன்படுத்துகிறவர்களுக்கு இதுதான் சௌகரியம். ஆனால் எண் போட்ட வளையத்தை முழுசாக நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 3 இன்னொரு கம்பெனியின் 5 ஆக இருக்கலாம். ஒரு வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஃகா, செராமிக்கா?

மிளகு மட்டும்தான் என்றால் எஃகு, அதிலும் கெட்டிப்படுத்திய கார்பன் எஃகு. அதன் பல் கூர்மையாக இருக்கும், மிளகை வெட்டி உடைக்கும், கொரகொரப்பு வைத்தால் துண்டுகள் ஒரே சீராக விழும். எவர்சில்வர் பல் துருப்பிடிக்காது, ஆனால் அதே அளவு கூர்மை நீண்ட நாள் நிற்பதில்லை. கார்பன் எஃகின் எதிரி ஈரமும் உப்பும்.

செராமிக் பல் துருப்பிடிக்காது, கல் உப்பு போட்டாலும் கவலையில்லை. உப்புக் காற்று அடிக்கிற கடலோர ஊர்களில் எஃகைக் கவனித்துக்கொள்ளப் பொறுமை இல்லாதவர்கள் செராமிக் எடுக்கலாம். டென்மார்க்கின் கிரஷ்கிரைண்ட் இந்த வகையில் பேர்பெற்றது. அதே உள்பாகத்தை வாங்கித் தங்கள் உடம்பில் பொருத்தி விற்கிற கம்பெனிகளும் உண்டு. குறை என்றால், கீழே விழுந்தால் செராமிக் பல்லின் ஓரம் தெறிக்கலாம். எஃகைவிட மெதுவாகத்தான் அரைக்கும் என்பது என் அனுபவம்.

நான் மிளகுக்கு எஃகு, உப்புக்குத் தனியாகச் செராமிக் என்று வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் உப்புக்கு மில்லே தேவையில்லை. உப்பை நைஸாக்கினாலும் அதே உப்புதான், அதில் பறந்துபோக மணம் ஒன்றும் இல்லை. அது அழகுக்கு வாங்கியது.

பியூஜோ என்று ஒரு பேர் அடிக்கடி காதில் விழுகிறதே, கார் கம்பெனியா?

அதே குடும்பம்தான். பிரான்சில் அந்தக் குடும்பத்தார் 1810-இல் தங்கள் தானிய ஆலையை எஃகுப் பட்டறையாக மாற்றினார்கள். ரம்பமும் குடைக்கம்பியும் செய்தார்கள். 1840-இல் காப்பி மில், 1874-இல் மிளகு மில். அவர்களுடைய நீராவி வண்டி வந்தது 1889-இல்தான். ஆக, காருக்கு முன்பே மிளகு மில் வந்துவிட்டது. சிங்கச் சின்னமும் முதலில் ரம்பத்துக்கு வைத்ததுதான்.

விலை அதிகம், ஆயிரக்கணக்கில் ஆகும். வாங்கலாமா என்றால், தினமும் மேஜையில் மிளகு தூவுகிற வீடு என்றால் வாங்கலாம். நான் மேலே சொன்ன இரண்டு கட்டப் பல் அதில் ஒழுங்காக இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு ஆம்லெட் போடுகிற வீட்டுக்கு அது வீண் செலவு. பார்க்கவேண்டியது பல்லைத்தான், பேரை அல்ல. ரோஸ்வுட் மாதிரி பாலிஷ் போட்டு உள்ளே பிளாஸ்டிக் பல் வைத்து விற்பவையும் நிறைய இருக்கின்றன.

சூப்பர் மார்க்கெட்டில் மிளகோடு சேர்த்து, மூடியிலேயே கிரைண்டர் வைத்த பாட்டில் கிடைக்கிறது. அது போதாதா?

ஒரு மாதம் முயன்று பார்க்கப் போதும். மில் நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழியில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் பல் பிளாஸ்டிக். மிளகு கடினமான பொருள், பிளாஸ்டிக் பல் அதோடு மோதித் தேயும். தேய்ந்தது எங்கே போகும்? தட்டில்தான். பாட்டில் தீர்ந்ததும் திரும்பத் திரும்ப நிரப்பி வருஷக் கணக்கில் ஓட்டுவது நல்ல யோசனையில்லை. சில பாட்டில்களில் மூடியைக் கழற்றவும் முடியாது.

பேட்டரி மில்?

ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் மில் என்று சமைக்கிறவர்களுக்கு உதவும். சிலவற்றில் சாய்த்தாலே ஓட ஆரம்பித்துவிடும், அலமாரியில் இருந்து எடுக்கும்போது தரையெல்லாம் மிளகு. பொத்தான் வைத்ததைப் பாருங்கள். மோட்டார் சத்தம் சின்னக் குழந்தை தூங்கும் வீட்டில் பிரச்சினை.

எவ்வளவு உயரம் வேண்டும்?

ஒரு சாண் போதும். உங்கள் கை பிடித்துத் திருகும்போது இரண்டு கையும் ஒன்றோடொன்று இடிக்காத உயரம், அவ்வளவுதான். ரொம்பக் குட்டியானதில் பிடிக்க இடம் இருக்காது, அரைக்கும் பகுதியும் சின்னது. பெரிய ஓட்டல்களில் பரிமாறுபவர் முழங்கை நீள மில்லைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவாரே, அது பார்ப்பதற்கு. உயரமானதில் மிளகு நிறையப் பிடிக்கும், ஆனால் வீட்டில் அத்தனை மிளகு மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து வாசனை போகும்.

கண்ணாடி, அக்ரிலிக் உடம்பு என்றால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அதை ஜன்னல் ஓரமாக மட்டும் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் பைப்பரின் காரமற்ற வேறு வடிவத்துக்கு மாறும். மர உடம்பில் அந்தக் கவலை இல்லை.

கடையில் நின்றுகொண்டு எப்படிச் சோதிப்பது?

சட்டைப் பையில் பத்திருபது மிளகு எடுத்துக்கொண்டு போங்கள். சிரிக்க வேண்டாம், நான் அப்படித்தான் போனேன். கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தார், அனுமதித்தார். கவிழ்த்துப் பார்த்துப் பல் உலோகமா செராமிக்கா பிளாஸ்டிக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். மிளகு போட்டு, முதலில் கொரகொரப்பாக வைத்து நான்கு சுற்று. ஒரு தாளில் விழுவதைப் பாருங்கள். துண்டுகளோடு மாவும் நிறைய விழுந்தால் இடைவெளி ஆடுகிறது என்று அர்த்தம். அடுத்து நைஸ். தலையை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. நடுத்தண்டு உலோகமா என்பது முக்கியம். நான் தூக்கிப் போட்ட முதல் மில்லில் வெளியே நல்ல மரம், தண்டு பிளாஸ்டிக். நாலாம் மாதம் தோசைக்கு நடுவில் பட்டென்று முறிந்தது. உள்பாகம் மட்டும் கிடைக்குமா என்று கேட்டதற்கு, விற்றவர் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

இணையத்தில் வாங்கினால் இந்தச் சோதனை முடியாது. அடிப்பக்கப் படம் போடாத மில்லை நான் வாங்குவதில்லை.

மில்லுக்கு எந்த மிளகு நல்லது?

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மோசமான மிளகை நல்ல மில்லில் போட்டால் மோசமான மிளகுத்தூள் கிடைக்கும்.

தலைச்சேரி மிளகு என்று விலை கூட்டி விற்பார்கள். அது பெரும்பாலும் ஊரைக் குறிக்கும் பேர் அல்ல, அளவைக் குறிப்பது. சல்லடையில் 4.25 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிற பெரிய மணி ஒரு தரம், 4.75-க்கு மேல் அதைவிட உயர்ந்த தரம். கொடியில் நன்றாக முற்றிய மணி என்பதால் வாசனை விரிவாக இருக்கும். ஆனால் மில்லில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன மில்லின் வாய்க்குள் இந்தக் குண்டு மணி இறங்காமல் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பாலம் கட்டி நின்றுவிடும். உங்கள் மில் சிறியது என்றால் சாதாரண மலபார் மிளகே போதும்.

பக்கத்திலேயே நல்ல மிளகு இருக்கிறது. கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடிப் பக்கம், வால்பாறை, கூடலூர். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏறியிருக்கும். மலைக்குப் போகிறவர்கள் அறுவடை முடிந்த மாதங்களில், பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை, அரைக் கிலோ வாங்கி வந்தால் வருஷத்துக்கு ஆகும். இலங்கையில் மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு மணி சின்னது, காரம் கூடுதல். மில்லுக்குள் சுலபமாக இறங்கும், தூவும்போது கையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

வெள்ளை மிளகு அதே கொடியில் பழுத்த மணியை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கியது. மில்லில் தாராளமாகப் போகும். மணம் வேறு, சிலருக்கு அந்த ஊறல் வாசனை பிடிக்காது.

பப்பாளி விதை கலந்திருந்தால் எப்படித் தெரியும்?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போடுங்கள். நல்ல மிளகு அடியில் போய் உட்காரும், காய்ந்த பப்பாளி விதை மிதக்கும். மிதப்பது எல்லாம் பப்பாளி விதை என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம், உள்ளே சத்தில்லாத பிஞ்சு மிளகும் மிதக்கும். எடுத்து உடைத்துப் பாருங்கள். பப்பாளி விதை முட்டை வடிவம், மிளகு மணம் இருக்காது. பிஞ்சு மிளகு இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினாலே நொறுங்கும். அதுவும் காசுக்கு நட்டம்தான்.

பளபளவென்று எண்ணெய் பூசினதுபோல் மின்னும் மிளகையும் தள்ளி வையுங்கள். பூஞ்சை வராமலும் பார்வைக்கு எடுப்பாகவும் இருக்க பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கிற மினரல் ஆயில் தடவுவது உண்டு. 2012 கடைசியில் கொச்சிக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு இதற்காகவே உணவுப் பாதுகாப்புத் துறையினர் சீல் வைத்தார்கள். வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்தால் எண்ணெய்க் கறை ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். எண்ணெய்ப் பசை மில்லுக்கும் ஆகாது, தூள் பல்லில் அப்பிக்கொள்ளும்.

நிரப்புவதற்கு முன் மிளகை ஏதாவது செய்ய வேண்டுமா?

காய வையுங்கள். மழைக்காலத்தில் இது கட்டாயம். தட்டில் பரப்பி இரண்டு மணி நேர வெயில் போதும். வெயில் இல்லையா, அடுப்பை அணைத்த பிறகு சூடான வாணலியில் போட்டுக் கிளறி எடுங்கள். வறுக்கக் கூடாது, சூடேறினால் போதும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தாலும் பற்றாது, முழுசாக ஆறிய பிறகுதான் மில்லுக்குள் போட வேண்டும். வெதுவெதுப்போடு மூடினால் உள்ளே வேர்த்துக்கொள்ளும்.

காம்பும் மண்ணும் பொறுக்கிவிடுங்கள். ஒரு சின்னக் கல் போதும், பல் போய்விடும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்கு இது பெரிய வேலையில்லை. முக்கால் பாகம் நிரப்பினால் போதும், கழுத்துவரை அடைத்தால் தலை சரியாக உட்காராது. நான் மூன்று வாரத்துக்கு ஆவதை மட்டும் போடுகிறேன், மிச்சம் காற்றுப் போகாத டப்பாவில், இருட்டான அலமாரியில்.

கொதிக்கிற ரசத்துக்கு மேலேயே பிடித்துச் சுற்றலாமா?

கூடவே கூடாது. பல மில்கள் இந்தக் காரணத்தால்தான் கெடுகின்றன. கீழே திறந்திருக்கும் பல்லுக்குள் ஆவி நேராக ஏறும். அங்கே ஒட்டியிருக்கும் நைஸ் தூள் ஈரத்தைக் குடித்துக் களியாகும், ஆறினதும் சிமெண்ட் மாதிரி இறுகும். எஃகு என்றால் துருவும் சேரும். என் இரண்டாவது மில் அப்படித்தான் போயிற்று. ஒரு மாதம் நூடுல்ஸ், சூப், ரசம் என்று எல்லாவற்றின் மேலும் ஸ்டைலாகச் சுற்றினேன். அப்புறம் ஒருநாள் சுற்றவே இல்லை. பிரித்துப் பார்த்தால் பல் இடுக்கு எல்லாம் கறுப்பாக அடைத்து, ஊசியால் குத்தினாலும் வரவில்லை.

உள்ளங்கையிலோ சின்னக் கிண்ணத்திலோ சுற்றி, பிறகு பாத்திரத்தில் போடுங்கள். அளவும் தெரியும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டால் மணமும் தங்கும்.

வெண்பொங்கலுக்கு மில் மிளகு போடலாமா?

போடலாம், ஆனால் அது வேறு பொங்கல். பொங்கலில் மிளகு நெய்யில் பொரிந்து, பல்லில் கடிபட வேண்டும். முழுசாகப் போடும் வீடு ஒன்று, ஒன்றிரண்டாகத் தட்டிப் போடும் வீடு ஒன்று. மிளகை ஒதுக்கி வைக்கிற குழந்தைகள் இருந்தால் தட்டிப் போடுவதே புத்திசாலித்தனம். ஒன்றிரண்டாக என்பது மில்லின் கடைசிக் கொரகொரப்பைவிடப் பெரிது, பாதி மிளகாகவே கிடக்கும். அதற்கு இடிகல்லில் இரண்டு தட்டு. மில்லில் வருவது நெய்யில் போட்டதும் கருகிவிடும், கசக்கும். மிளகு வடைக்கும் இதே பதில்.

எத்தனை சுற்றுக்கு ஒரு டீஸ்பூன்?

மில்லுக்கு மில் மாறும். பத்துச் சுற்றுச் சுற்றி, விழுந்ததை அளவுக் கரண்டியில் போட்டுப் பாருங்கள். என் மில்லில் நடுத்தர அளவில் அது ஏறத்தாழ கால் டீஸ்பூன். உங்கள் கணக்கைச் சின்னத் தாளில் எழுதி மில்லின் அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். குறிப்பில் அரை டீஸ்பூன் என்று இருந்தால் எண்ணிக்கொண்டு சுற்றலாம்.

அதே மில்லில் சீரகம், மல்லி, ஏலக்காய் அரைக்கலாமா?

மிளகு மில்லில் மிளகு மட்டும். மல்லி விதை காய்ந்தது, உடையும், அதற்குத் தனி மில் வைத்தால் சரி. சீரகம் நீளமானது, பல்லுக்குள் படுத்துக்கொண்டு நழுவும். ஏலக்காயின் தோல் நார் நாராகச் சிக்கும். கிராம்பில் எண்ணெய் அதிகம், பல்லில் பசையாக ஒட்டும். திப்பிலி வாய்க்குள்ளேயே நுழையாது, இடித்துத்தான் ஆக வேண்டும். உப்பை எஃகு மில்லில் போட்டால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நான்கு நிற மிளகு என்று பாட்டிலில் அழகாக வருகிறதே, அதில் கவனம். இளஞ்சிவப்பு மணி மிளகே இல்லை. தென் அமெரிக்க மரம் ஒன்றின் பழம், முந்திரியும் மாவும் சேர்ந்த குடும்பம். தோல் மெத்தென்று இருக்கும், அது மட்டும் அதிகமாகப் போனால் மில் அடைக்கும். முந்திரி ஒவ்வாதவர்கள் வீட்டில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எப்படிச் சுத்தம் செய்வது?

தண்ணீர் படக்கூடாது. காலி செய்து, கவிழ்த்துத் தட்டி, பழைய டூத்பிரஷ்ஷால் பல்லைத் துடையுங்கள். தூள் பிடித்திருந்தால் நன்கு காய்ந்த பச்சரிசி ஒரு ஸ்பூன் போட்டு, கொரகொரப்பில் வைத்துச் சுற்றுங்கள். அரிசி மாவு பழைய தூளையும் பசையையும் இழுத்துக்கொண்டு வரும். முதலில் சாம்பல் நிறத்தில் விழும், வெள்ளையாக வந்தால் நிறுத்தலாம். அந்த மாவை வீணாக்க வேண்டாம், தோசைக்கு ஆகும். மர உடம்பை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சுற்றுகிறது, தூள் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் உள்ளே மிளகு இருக்கிறதா என்று பாருங்கள். கேலியில்லை, மர மில்லில் இது அடிக்கடி நடக்கும். இருந்தால், தலைகீழாகக் கவிழ்த்து ஒருமுறை குலுக்கி, எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று, பிறகு சரியான பக்கம். பாலம் கட்டிய மிளகு இறங்கிவிடும். இல்லையென்றால் அளவைக் கொரகொரப்புக்கு மாற்றிச் சுற்றுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஈரத்தில் இறுகியிருக்கிறது, அரிசி வைத்தியம். தலை மட்டும் சுற்றி, கீழே கூம்பு அசையாமல் நின்றால் தண்டு வழுக்குகிறது. பெரும்பாலும் தலையின் உள்ளே உள்ள சதுரத் துளை தேய்ந்திருக்கும், மாற்று உள்பாகம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வைத்த இடமெல்லாம் தூள் சிந்துகிறதே?

எல்லா மில்லும் சிந்தும். சுற்றி முடித்ததும் அடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வையுங்கள், கீழே ஒரு சின்ன சாசர். அரைக்கும் பகுதி மேலே இருக்கிற மாதிரி, கவிழ்த்துச் சுற்றும் மில்களும் கிடைக்கின்றன. அவற்றில் சிந்தல் குறைவு, மூடியும் இருக்கும்.

அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. பரிசாக வாங்கிக் கொடுக்கலாமா?

திருகுகிற மர மில் வேண்டாம். இரண்டு கையும் எதிரெதிரே முறுக்க வேண்டிய வேலை அது, வலி கூடும். மேலே கைப்பிடி வைத்த துருக்கிப் பித்தளை மில் கொஞ்சம் லேசு, ஆனாலும் உடம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முயல் காது மாதிரி இரண்டு பிடி வைத்து, ஒரே கையால் அமுக்குகிறது ஒன்று உண்டு, அதற்கு விரல்களில் பலம் வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குப் பேட்டரி மில்தான் சரி. பொத்தான் பெரிதாக இருக்கட்டும், பேட்டரி கழற்றிப் போடும் மூடி நகத்தால் நெம்பாமல் திறக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். என் அம்மாவுக்கு நான் அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முட்டைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார். ரசத்துக்கு இன்னும் இடிகல்லைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்கிறார், வலிக்கிறதே என்று கேட்டால் மிளகை என் கையில் கொடுத்து நீ தட்டு என்கிறார்.